சேணம் வாங்க வந்த இரண்டு பேர்

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் குதிரை ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், நொலீன் தன் சேணத்தை விற்க முடிவு செய்தாள். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான சார்ட்டர்ஸ் டவர்ஸில் அந்தச் சேணத்தைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். ரோஷம் வந்து, இணையத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் படம் போட்டு, 'எந்த நாட்டுக்கும் அனுப்புவேன், கூலி அறுபது டாலர்' என்று எழுதிவிட்டாள். அறுபது என்பது அவள் வாய்க்கு வந்த தொகை.

இரண்டு பேர் வந்தார்கள்.

முதல் ஆள், நார்வே கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் பொறியாளராம். பேரமே பேசவில்லை. 'அன்புச் சகோதரி' என்று ஆரம்பித்து, தளத்தை விட்டுவிட்டு வங்கி வழியாகவே பணம் தருகிறேன் என்றார். மறுநாளே வங்கி பெயரில் ஒரு மெயில்: பணம் தயார், சேணத்தை எடுக்க வரும் ஏஜென்டுக்கு முன்பணம் அனுப்பினால் கணக்கில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது ஆள் ஹிமேனா. சிலி நாட்டின் தென்கோடியில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவள். தோல் வாரில் வெடிப்பு இருக்கிறதா, அடிப்பக்கம் ஏன் படம் இல்லை, விலை ஏன் இவ்வளவு என்று ஓயாத சண்டை.

"நொலீ, இவதான் ஃபிராடு. அந்த நார்வேக்காரரைப் பாரு, எவ்ளோ தங்கமான மனுஷன்!" என்றார் அவள் கணவர் கிளாரி.

"இரு, எதுக்கும் கூலிய விசாரிச்சுட்டு வரேன்."

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மேவிஸ், சேணம் வைத்த பெட்டியை அளந்து பார்த்துச் சிரித்தாள். "எடைய விடுடி, இது அடைக்கிற இடத்துக்குத்தான் காசு. விமானத்துல அனுப்பினா சேணத்தோட விலையில முக்காவாசி ஆகும்."

நொலீனுக்கு முகம் வாடிவிட்டது. தன் தப்பை ஒப்புக்கொண்டு இருவருக்கும் எழுதினாள்.

நார்வேக்காரரிடமிருந்து உடனே பதில்: 'எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, சகோதரி.'

ஹிமேனாவிடமிருந்து ஒரு பக்கத்துக்குத் திட்டு. அளக்காமல் கூலி போடுவார்களா, உனக்கு மூளை இருக்கிறதா என்று.

நொலீன் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். "யோவ் கிளாரி, அவ்ளோ கூலிய கேட்டும் அந்தாளுக்கு வயிறு எரியலயே. கொடுக்கப் போறவன்னா எரியாதா?"

கிளாரி கடிக்கப்போன கறி பஃப்ஸைத் தட்டில் வைத்தார். "நான்... ஏஜென்டுக்கு நேத்தே அனுப்பிட்டேன். படகு மோட்டாருக்குச் சேத்து வச்ச காசு. உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னுதான்..."

வங்கிக்கு ஓடினார்கள். போனது போனதுதான். திரும்பும் வழியில் கிளாரி படகு மோட்டார் கடைப் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அன்றைக்கு அவரைத் திட்ட நொலீனுக்கும் மனம் வரவில்லை.

ஹிமேனாவிடம் இப்போது அவள் கறாராகப் பேசினாள். பணம் தளத்தின் வழியாகத்தான் வரவேண்டும், அங்கே பதிந்த முகவரிக்குத்தான் பெட்டி போகும். ஹிமேனாவும் விடவில்லை. 'நீ நிஜமான ஆள்தானா? அந்தச் சேணத்தில் உட்கார்ந்து, கையில் இன்றைய செய்தித்தாளோடு படம் அனுப்பு.'

குதிரை இல்லை. சேணத்தை வராந்தாவின் கைப்பிடிக் கட்டைமேல் கட்டி, நொலீன் முனகிக்கொண்டே ஏறினாள்.

"முதுக நிமித்து!" என்றார் கிளாரி, போனைப் பிடித்தபடி.

"முட்டி உயிர் போவுதுய்யா, சீக்கிரம் எடுத்துத் தொலை!"

எதிர்வீட்டார் வெளியே வந்து கைதட்டினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நானும்தான். அன்றுதான் கிளாரி மறுபடி சிரித்தார்.

படத்தைப் பார்த்ததும் ஹிமேனா பணம் கட்டிவிட்டாள். டவுன்ஸ்வில் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி, நாளானாலும் பாதிக் கூலிக்குக் கொண்டுபோகச் சம்மதித்தது. அதையும் நொலீனும் ஹிமேனாவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு மழைக்காலமே வந்துவிட்டது. ஹிமேனா ஒரு படம் அனுப்பினாள்: புல்வெளியில் காற்று சுழற்றியடிக்க, சாம்பல் நிறக் குதிரைமேல் அந்தச் சேணம். கீழே, 'கொக்கி கிறீச்சிடுகிறது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை?'

நொலீன் அதைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து, கொக்கிக்கு எந்த எண்ணெய் போடவேண்டும் என்று நிதானமாக எழுத உட்கார்ந்தாள்.