ஐம்பத்தெட்டாவது நிமிடம்

பதினேழாம் பக்கம், ஐந்தாவது வரி. '1970 ஜூலையில், ஆட்டத்தின் ஐம்பத்தாறாவது நிமிடத்தில், பிலாஸ் சர்க்கார் தலையால் முட்டிய கோல் ஹரிதலா ஸ்போர்ட்டிங்கின் நூறாண்டு வரலாற்றில்...' அங்கேயே என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

நூற்றாண்டு மலரின் அச்சுப்படிகளைக் கொண்டுவந்து கொடுத்தவன் பாப்லு. கிளப்பின் செயலாளர், பிலாஸின் ஒரே பிள்ளை. ஐம்பத்தைந்து வயதாகிறது. ஆறாம் வகுப்பில் என்னிடம் வங்காளம் படித்தவன் என்பதால் இன்றும் என் முன்னால் உட்கார மாட்டான்; அக்கா என்று பொருள்படும் 'தி'யைப் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவான்.

"பூரபிதி, ரொம்ப மெனக்கெடாதீங்க. எழுத்துப்பிழை மட்டும் பாருங்க போதும். நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகுது."

"பொருட்பிழை இருந்தா?"

"நம்ம கிளப்புல என்ன பொருள் இருக்கு, பிழை வர்றதுக்கு!" என்று சிரித்தான். பிறகு அட்டைப்படத்தை எடுத்துக் காட்டினான். சேறு அப்பிய ஆட்டக்காரர்களின் தோள்மேல் பிலாஸ். "அப்பா இருந்து இதைப் பார்த்திருக்கணும்" என்று படத்தைச் சட்டைக் கையால் துடைத்தான்.

அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் கிளப்புக்கு வரலாறு என்று அதிகமில்லை. இரண்டு குமாஸ்தாக்களும் ஒரு மிட்டாய்க் கடைக்காரரும் சேர்ந்து ஆரம்பித்தது. மெரூனும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை. முதல் சலவையிலேயே சாயம் ஓடி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட, எதிர் அணிக்காரர்கள் எங்களை 'வெங்காயம்' என்றுதான் கூப்பிட்டார்கள். உரிச்சா ஒண்ணுமில்லே, அழுகைதான் மிச்சம் என்பார்கள். பெரிய கிளப்காரர்கள் வீட்டில் ஜெயித்த அன்று இலிஷ் மீனோ, இறாலோ வேகும். எங்கள் தெருவில் கத்தரிக்காய் பஜ்ஜி. அதுவும் வருஷத்துக்கு ஐந்தாறு தடவை வாய்த்தால் அதிகம். அந்தப் பெரிய கிளப்புகளில் ஒன்றை நாங்கள் ஒரே ஒரு முறை, அந்த 1970 ஜூலையில், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தோம். அன்று பஜ்ஜிக் கடையில் மாவு தீர்ந்துபோய், வெறும் கத்தரிக்காயை எண்ணெயில் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கோலை நான் பார்த்தேன். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, மைதானத்துக்கு வெளியே கோட்டை மேட்டில், டிக்கெட் கிடைக்காத ஆயிரம் ஆண்களுக்கு நடுவில் நின்று பார்த்தேன். அட்டைக் குழாயில் மேலொன்றும் கீழொன்றுமாகக் கண்ணாடி பதித்து அங்கே வாடகைக்குக் கொடுப்பார்கள். குழாயைத் தூக்கிப் பிடித்துக் கீழே கண்ணை வைத்தால், முன்னால் நிற்பவர் தலைகளைத் தாண்டி மைதானம் தெரியும். என் டிராம் காசு அதற்குப் போயிற்று.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. இடப்பக்கக் கார்னர். பிலாஸ் எம்பினான், பந்து அவனுக்கு ஒரு சாண் மேலே போயிற்று. பின்னால் நின்ற ககேன் மண்டலின் நெற்றியில் பட்டு உள்ளே விழுந்தது. ககேன் சேற்றில் குப்புற விழுந்தார். அவர் எழுந்து முகத்தை வழித்துக்கொள்வதற்குள் எல்லோரும் பிலாஸைத் தூக்கியிருந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளிலும் பிலாஸ்தான். அந்த வாரமே ரயில்வேயில் ஆட்டக்காரர் ஒதுக்கீட்டில் பிலாஸுக்கு வேலை. 'வேலை கிடைச்சதும் உங்கப்பாவை வந்து பார்க்கிறேன்' என்று எனக்குச் சொல்லியிருந்த ககேனுக்கு, ஏழு வருஷம் கழித்து டிராம் கண்டக்டர் உத்தியோகம் கிடைத்தது. அதற்குள் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தோடு இருந்துவிட்டேன்.

ககேன்தான் அடித்தார் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ அங்கே எதற்குப் போனாய் என்றுதானே முதல் கேள்வி வரும்? இப்போது அப்பாவும் இல்லை, பிலாஸும் இல்லை. ககேனுக்கு எண்பது ஆகிறது. அவர் பெயர் ஒரு தடவையாவது அச்சில் வரவேண்டும். அவரைக் கேட்காமல் திருத்த மனம் வரவில்லை. அன்று மத்தியானமே பஜ்ஜிப் பொட்டலத்தோடு, அவர் இருக்கும் பாராசாத்துக்கு ரயில் ஏறினேன்.

ககேன் தன் மகள் வீட்டு மாடியில், பால்கனியை ஒட்டிய நாற்காலியில், பூதக்கண்ணாடியும் செய்தித்தாளுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மோந்தார்.

"பஜ்ஜியா? நாம ஜெயிச்சுட்டோமா என்ன?"

"ஜெயிக்கத்தான் வந்திருக்கேன், ககேன்தா" என்றேன். அண்ணன் முறையில் 'தா' சேர்த்துத்தான் அன்றும் அவரைக் கூப்பிடுவேன்.

"வெங்காயத்துக்கு ஏது ஜெயம்! உட்காரு. முட்டி வலி எப்படி இருக்கு?"

"முட்டி வலின்னு யார் சொன்னா?"

"படியேறும்போது பதினாலு படிக்கு நாலு தடவை நின்னே. காது நல்லாத்தான் கேக்குது எனக்கு."

அட்டைப்படத்தையும் பதினேழாம் பக்கத்தையும் அவர் மடியில் வைத்தேன். பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி, ஐந்தாவது வரியில் வெகுநேரம் நின்றார்.

"இதுல உங்க பேரைப் போடப்போறேன்" என்றேன்.

"அட்டையில அப்பன் படம், உள்ளே என் பேரா? பாப்லு எங்கே கொண்டுபோய் முகத்தை வெச்சுக்குவான்?"

"உங்களுக்கு வேண்டாமா?"

பஜ்ஜியைப் பிட்டார். வாயில் போடவில்லை.

"வேணும். வேணாம்னு எப்பச் சொன்னேன்? டிராம்ல டிக்கெட் கிழிக்கிறப்ப, எவனாவது அந்தக் கோலைப் பத்திப் பேசுவான். நான் பார்த்தேன், நான் பார்த்தேன்னு. பார்த்தேன்னு சொன்னவனையெல்லாம் உட்கார வெச்சா மைதானம் மூணு வேணும். அவன் கையில டிக்கெட்டைக் கொடுத்துட்டு, அடுத்த ஆள்கிட்டப் போவேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"பிலாஸ் எங்க தோள்மேல உட்கார்ந்து அழுதுட்டிருந்தான், பூரபி. அவனே தான்தான் அடிச்சோம்னு நம்பிட்டான். நாலு நாள் போகட்டும், தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். மூணாம் நாள் ரயில்வே ஆளுங்க வந்துட்டாங்க. அவங்கப்பா வேலை பார்த்த சணல் ஆலை மூடிக் கிடந்த நேரம்."

"எங்கப்பாகிட்ட வர்றேன்னு சொன்னீங்க."

"வேலையோட வர்றேன்னு சொன்னேன்."

கீழே யாரோ வாளியை இழுத்தார்கள். பிட்ட பஜ்ஜியை அவர் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.

"அதுசரி, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "என் பொண்டாட்டிக்கிட்டகூட நான் சொன்னதில்லையே."

"பார்த்தேன். கோட்டை மேட்டுலேருந்து, வாடகைக் குழாய்ல."

அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"மேட்டுலயா? வெயில் வந்ததும் அங்கேருந்து ஒரு கண்ணாடி என் கண்ணுல அடிச்சுட்டே இருந்துது. கார்னர் வர்றப்ப கண் கூசித் தலையை இப்படித் திருப்பினேன். பந்து வந்து பட்டுது. நான் எங்கே முட்டினேன்? பந்தைப் பார்க்கவே இல்லை."

"மேட்டுல நூறு கண்ணாடி இருந்துது, ககேன்தா."

"நூறும் சும்மா இருந்துது. ஒண்ணுதான் ஆடிட்டே இருந்துது. புடிச்சிருந்த ஆளுக்குக் கை நடுக்கம்போல."

எனக்கு அன்று கை நடுங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப உன் பேரைத்தான் போடணும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு கையை நீட்டினார். "அந்தப் பேனாவைக் கொடு. ஒரு தப்பு இருக்கு."

பேனாவைக் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடியை வரியின்மேல் வைத்தார். பிலாஸின் பெயரை விட்டுவிட்டு, அதற்கு முந்திய சொற்களுக்குப் போனார். 'ஐம்பத்தாறாவது' என்பதை அடித்துவிட்டு, குழந்தை எழுதுவதுபோல அழுத்தி, 'ஐம்பத்தெட்டாவது' என்று எழுதினார்.

"இது எனக்குத்தான் தெரியும்" என்றார். "இதைச் சரியாப் போடச் சொல்லு."

தெருவுக்கு வந்தபோது பையில் அந்தப் பக்கம் இருந்தது. பேனாவும் இருந்தது. பாப்லு காலையில்தான் வருவான். இரண்டு அடி வைத்ததும் எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பால்கனிக் கம்பிகளுக்கு வெளியே, சாயங்கால வெயிலில், பூதக்கண்ணாடி பிடித்த கை மட்டும் தெரிந்தது. சுவரில் விழுந்த வட்டம் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியபடியே நகர்ந்து, என் புடவைத் தலைப்புக்கு வந்து சேர்ந்தது.