தகட்டின் அடியில் உப்பு

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் திருத்தங்கல் குடோனில் பதினோரு கட்டுத் தகடு துருப்பிடித்துவிட்டது. பிஸ்கட் டப்பாவுக்குப் படம் அச்சடிக்கக் கப்பலில் வரவழைத்த மெல்லிய எஃகுத் தகடு. துரு ஏறினால் மை ஒட்டாது.

"கடத்தண்ணி உள்ள பூந்துருக்கு" என்றார் அச்சக முதலாளி பீர் முகைதீன். "கண்டெய்னர்ல ஓட்டை. பாக்காம கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துட்டான்."

துறைமுகத்தில் கையெழுத்துப் போட்ட செல்வக்குமார் எதிரேதான் நின்றான்.

"உள்ள ஏறி, கதவ வெளிய சாத்தச் சொல்லிப் பாத்தேன் மொதலாளி. ஊசிமுனை வெளிச்சம்கூட இல்ல. ஈரம் உறிஞ்சுற பையும் காஞ்சுதான் தொங்குச்சு."

"இருட்டாவும் இருக்கு, குளுகுளுன்னும் இருக்குன்னு ஒரு தூக்கம் போட்டிருப்பலே. மத்தியானம் இன்சூரன்ஸ் ஆள் வர்றாரு. கடத்தண்ணிதான்னு ஆயிருச்சுன்னா நாளையிலருந்து இங்கன வராத."

முஹ்சினா முதலாளியின் தங்கை மகள். வேதியியல் படித்தவள், அச்சகத்தில் மை சோதிப்பது அவள் வேலை. நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டாள். மாமா கேட்டபடி துருவை ஈரப் பஞ்சால் ஒற்றி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டாள். சோதனைக் குழாயில் பால் ஊற்றினாற்போல் வெளுத்தது.

"உப்புதான மாமா தெரியுது" என்றாள், மெதுவாக.

"உப்புன்னா கடல்தான! பெறகென்ன?" அவர் போனோடு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். செல்வக்குமார் மரக்கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்தான். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முஹ்சினாவுக்கு மனசு கேட்கவில்லை. குத்தவைத்துத் தகட்டைப் பார்த்தாள். தரையோடு கிடந்த கட்டுகளில் மட்டும் துரு, அதுவும் அடிப்பக்கம். மேலே இருந்தவை பளபளவென்றிருந்தன. மேல்தகட்டை ஒற்றிச் சோதித்தாள். நீர் தெளிவாகவே நின்றது. கண்டெய்னருக்குள் கடல் வந்திருந்தால் அடியை மட்டும் நனைத்துவிட்டுப் போயிருக்குமா?

அந்நேரம் குடோனைக் கூட்டும் கருப்பம்மாள் வாளியோடு வந்து கட்டுகளைச் சுற்றித் தண்ணீர் தெளித்தாள்.

"எதுக்குக்கா தெளிக்கீக?"

"தெனமும் தெளிக்கிறதுதான் பாப்பா. இன்னைக்குக் கட்ட நகட்டவும் போறாகளாம்ல? இரும்பு உரசுனா பொறி பறக்கும். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனில பதினெட்டு வருசம் இப்பிடித்தான். தெளிக்காம எதையும் தொட விடமாட்டாக."

"இங்க பட்டாசு மருந்து ஏதுக்கா?"

"மருந்து இல்லாட்டி என்ன? நெருப்பு நெருப்புதான?"

"வாளில எந்தத் தண்ணிக்கா?"

"போர்வெல் தண்ணி. வாயில வைக்க முடியாது, அம்புட்டு உப்பு."

முஹ்சினா வாளியில் ஒரு குழாய் மொண்டு, ஒரு சொட்டு விட்டாள். முன்னதைவிடக் கெட்டியாக வெளுத்தது.

மூன்று குழாய்களையும் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் நின்றாள். மாமா போனை வைக்கும்வரை நின்றாள்.

"கடல் இல்ல மாமா. நம்ம போர்த் தண்ணி. தரையிலருந்து ஏறியிருக்கு."

அவர் குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

"இன்சூரன்ஸ் ஆள்ட்ட இதச் சொல்லணுமா? நம்ம தண்ணின்னா பணம் தர மாட்டாங்களே."

"அவரும் இதே மருந்து கொண்டு வருவாரு மாமா." குழாய்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கொண்டு வராட்டியும் நான் சொல்லிருவேன்."

பீர் முகைதீன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பேச மாட்டாளேன்னு ஒங்கம்மா கவலப்படுதா" என்று முனகிவிட்டு வெளியே வந்தார்.

"கருப்பம்மா! தண்ணி தெளிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மொதலாளி. தெளிக்காதன்னும் யாரும் சொல்லலையே."

இருபது நாளும் அந்த ஈரத்தின் மேல்தான் அவரும் நடந்துபோயிருந்தார்.

"இனிமே தெளிக்காத, தாயி" என்றார்.

கருப்பம்மாள் முஹ்சினாவைப் பார்த்தாள். "நெருப்புப் பிடிச்சிராதா பாப்பா?"

"பிடிக்காதுக்கா."

கருப்பம்மாள் அரை மனதோடு வாளியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். தண்ணீரைக் கொட்டவில்லை.

"எலே, என்ன உக்காந்திருக்க?" என்றார் முதலாளி செல்வக்குமாரிடம். "அந்தக் கட்டைகள அடியில குடுத்து எல்லாத்தையும் தூக்கி வை. கீழ காத்து போகணும். நாளைக்குத் தூத்துக்குடியில அடுத்த கண்டெய்னர் இருக்கு."

செல்வக்குமார் எழுந்தான். "நானா மொதலாளி போகணும்?"

"பெறகு நானா போயி அதுக்குள்ள ஏறுவேன்?"