தாடைக்கட்டு

விடிகாலையில் சாணி தெளிக்க எழுந்த வியாகுலமேரி, பாயில் கிடந்த மகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வயது பிலோமினாவின் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு, ஒரு வேட்டிக் கிழிசல் இறுகக் கட்டியிருந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அவசரமாக முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளை கண் விழித்தது.

"யாரு தாயி இதக் கட்டுனது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

பிலோமினா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய அத்தை ரோசம்மாள் விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள்.

வியாகுலமேரியின் கணவன் சூசைமுத்து ராயப்பன்பட்டியை விட்டு மலைக்குப் போய் ஐந்து மாதமாகிறது. மழை பொய்த்த வருஷம். பெரியாற்றில் வெள்ளைக்காரர்கள் அணை கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, மனைவியையும் மகளையும் விதவையான அக்காள் ரோசம்மாளிடம் விட்டுவிட்டுப் போனான். அவன் போன மறுமாதமே பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. முதலில் தானியக் குதிருக்குள் எலி புகுந்துவிட்டது என்று நினைத்து வியாகுலமேரி விளக்கை ஏற்றிக்கொண்டு தேடினாள். சத்தம் மகளின் வாயிலிருந்து வந்தது.

"வயித்துல பூச்சி" என்றாள் ரோசம்மாள். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தார்கள். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். பூச்சி எதுவும் விழவில்லை. நறநறப்பும் நிற்கவில்லை.

போன மாதம் அதே தெருவில், அணை வேலைக்குப் போயிருந்த அந்தோணி என்பவன் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து மூன்றாம் நாள் இறந்தான். வாசலில் அவனைக் கிடத்தித் தாடையைக் கட்டியதைப் பிலோமினா கூட்டத்துக்குள் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து ரோசம்மாளின் பேச்சு மாறியது. "அங்கன எந்தம்பி காய்ச்சலுக்குள்ள கெடக்கான். இங்கன இவ அவன் உசுரக் கடிக்கா" என்றாள். மாட்டுக்குச் சூடு போடும் அம்மாவாசியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பிள்ளைக்குக் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் சூடு இழுத்தால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னானாம். சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வியாகுலமேரி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. ஒருவேளை மதினி ரோசம்மாள் சொல்வது மெய்யாக இருந்துவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை.

"சொல்லு தாயி. அம்மா வைய மாட்டேன்."

"நான் பல்லக் கடிச்சா ஐயா செத்துருவாகன்னு அத்தை சொன்னாக. தூங்காம இருந்து பாத்தேம்மா. தூக்கம் வந்துருது. அதான் வாயக் கட்டிக்கிட்டேன்."

வியாகுலமேரி மகளின் கன்னத்தைத் தொட்டாள். தாடை மூட்டு கூழாங்கல் போல இறுகியிருந்தது. பிள்ளை வலியில் முகம் சுளித்தது. எத்தனை நாளாக இப்படி முழித்துக் கிடந்ததோ.

வெயில் ஏறும்போது அம்மாவாசி வந்தான். கொல்லையில் ரோசம்மாள் மூட்டி வைத்திருந்த நெருப்பில் இரும்புக்கோலைச் செருகிவிட்டுக் குந்தினான். கோல் சிவந்தது. பிலோமினா அழவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "போட்டா ஐயா பொழைச்சுக்கிருவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. வியாகுலமேரி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நெருப்பில் கவிழ்த்தாள். புகையும் சாம்பலும் எழும்பின. அம்மாவாசி துள்ளி விலகினான்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா?" ரோசம்மாள் கத்தினாள். "ஆத்தா இல்லாதவன நான் இடுப்புல தூக்கி வளத்தேன். அவன் செத்தா நீ அழுதுட்டுப் போயிருவ. எனக்கு ஆரு இருக்கா?"

"அவுக இருக்காகளா இல்லையான்னு நானே போய்ப் பாத்துட்டு வாரேன், மதினி. இவளும் பாக்கட்டும்."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உத்தமபாளையம் வரை நடந்தாள். அங்கிருந்து மீரான் மைதீன் சனிக்கிழமைதோறும் கூடலூருக்கு அரிசி வண்டி கட்டுவார். அன்று அவர் மனைவி ஜெய்த்தூன் பீவியும் கம்பத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் புறப்பட்டு வண்டியில் இருந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள்.

கொஞ்ச தூரத்திலேயே பிலோமினா தூங்கிப்போனாள். வண்டிச் சத்தத்தையும் மீறி நறநறவென்று கேட்டது. வியாகுலமேரி வெட்கத்தோடு மகளின் வாயைப் பொத்தப் போனாள்.

"விடும்மா, எதுக்குப் பொத்துற?" என்றாள் ஜெய்த்தூன் பீவி. "எம்புள்ளைக மூணும் கடிச்சதுதான். பால்பல்லு விழுந்து மத்த பல்லு மொளைச்சதும் தானா நின்னுபோச்சு. நடுப்புள்ள மட்டும், வீட்டுல சண்டை நடந்த அன்னைக்கி ரொம்பக் கடிப்பான். வெதுவெதுன்னு துணிய ஒத்தி, கன்னத்த நீவிவிடுவேன்."

"வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"என்ன ஆகும்?" அவள் புரியாமல் பார்த்தாள்.

வியாகுலமேரி நீவிப் பார்த்தாள். சத்தம் குறைந்தது, பிறகு மறுபடியும் வந்தது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடலூரில் வண்டியை அவிழ்த்துப் போட்டார்கள். வேலையாட்கள் சாமான் வாங்க மலையிலிருந்து இறங்கும் நாள் அது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சளாக, கண் உள்ளே போய் இருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ஒருவனை நிறுத்திக் கேட்டாள்.

"ராயப்பன்பட்டி சூசைமுத்தா? போன வாரம் காய்ச்சல்ல கெடந்தாரு. அதுக்கப்புறம் நான் பாக்கல."

உச்சி வெயில் வந்தது. இறங்குகிற ஆட்கள் குறைந்தார்கள். வண்டி நிழலில் பிலோமினா மறுபடி தூங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நறநறப்பையும் வியாகுலமேரி எண்ணிக்கொண்டிருந்தாள். மதினி சொன்னது காதில் ஒலித்தது. ஒரு கணம், பிள்ளையை உலுக்கி எழுப்பிவிடலாமா என்றுகூடக் கை நீண்டது. அப்படிக் கை நீண்டதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அப்போது கம்பை ஊன்றியபடி மெதுவாக ஒருவன் வந்தான். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. அவள் அடையாளம் காணும் முன்பே, "மேரி?" என்றான்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். நெருப்பையும் கோலையும் சொன்னபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மகளின் அருகே உட்கார்ந்து அந்தச் சத்தத்தை வெகுநேரம் கேட்டான். அவன் என்ன சொல்வானோ என்று அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"மலைக் குளிருல எங்க கொட்டகையில அம்புட்டுப் பேரும் இப்பிடித்தான் கடிச்சுக்கிட்டுக் கெடக்கோம்" என்றான்.

விழித்ததும் பிலோமினாவுக்கு முதலில் அவனை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடு தாயி. இப்பத் தூங்கையில நீ பல்லக் கடிச்ச."

பிள்ளையின் முகம் வெளுத்தது.

"ஐயா பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். நல்லாப் பாரு. எனக்கு என்னமும் ஆச்சா?"

அவள் பார்த்தாள். அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை நாளும் அழாத அழுகையை அழுது தீர்த்தாள்.

காய்ச்சல் விட்டிருந்தாலும், ஒப்புக்கொண்ட வேலை முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மறுநாள் அவன் மலையேறினான். வியாகுலமேரி மகளோடு ஊர் திரும்பினாள்.

ரோசம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். "இருக்கானா?" என்று கேட்டாள். "இருக்காக" என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து மாதாவைக் கும்பிட்டாள். அம்மாவாசியின் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் வியாகுலமேரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் மலையைப் பற்றியோ சாவைப் பற்றியோ யாரும் பேசக்கூடாது. பிள்ளைக்குப் பொழுது சாயும்போதே சோறு கொடுத்து, வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்தில் ஒத்தித் தூங்க வைத்தாள். பிலோமினா சில நாள் கடித்தாள், பல நாள் கடிக்கவில்லை. கடித்தால் தாய் எழுந்து கன்னத்தை நீவிவிட்டுப் படுத்துக்கொள்வாள். காலையில் பிள்ளை, "கடிச்சேனாம்மா?" என்று கேட்கும். "கொஞ்சூண்டு" என்பாள். பிள்ளை சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும்.