கோடிச் சேலைக்கு ஒரு நிபந்தனை

இறந்துபோன அம்மாவின் உதட்டில் லோகேஸ்வரி சிவப்பு லிப்ஸ்டிக் பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் புவனேஸ்வரன் மாமாவின் கார் வந்து நின்றது. அவள் வெடுக்கென்று திரும்பினாள். அம்மாவின் உதட்டோரத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு கன்னம் வரை ஓடியது. துடைக்காமலே எழுந்தாள்.

"வந்துட்டாரு," என்றார் அப்பா மனோகரன். "லோகா, இன்னிக்கு வேணாம்மா. விட்டுடு லா."

"அம்மாகிட்ட சரின்னு தலையாட்டுனது நீங்கதானேப்பா?"

அப்பா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா நவமணி சொல்லிவிட்டுப் போனது இதுதான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன் புவனேஸ்வரன் தன்மேல் போர்த்த வேண்டுமானால், முதலில் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரவேண்டும். இல்லையென்றால் சேலையை வாங்கவே கூடாது. சாகக் கிடந்தவள் இதைச் சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

நான்கு வருடங்களுக்கு முன் மார்பிலிருந்த புற்றுநோய் ஈரலுக்குப் போனபோது, டாக்டர் ஒரு வருடம் என்றார். பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு மரபணுவில் பிறவியிலேயே பழுது என்றார்கள். அந்தப் பழுதுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது என்றார்கள். பீடோங்கில் மோட்டார் சைக்கிள் ஒர்க்ஷாப் வைத்திருப்பவரின் மனைவிக்கு அது சட்டென்று பிடிபட்டது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தாள்.

"செல்லு தெனமும் அடிபடும். ரிப்பேர் பாக்க ரெண்டு போமன், அதான் மெக்கானிக், இருக்கான். கேன்சர் செல்லுல ஒருத்தன் ஏற்கெனவே ஓடிட்டான். இந்த மாத்திரை மத்தவனையும் லீவுல அனுப்பிடும். ரிப்பேர் பாக்க ஆளில்லாம அது நடுரோட்டுல நின்னுடும். நல்ல செல்லுல ஒருத்தன் லீவு போட்டாலும் இன்னொருத்தன் இருக்கான், வண்டி ஓடும் லா."

ஓடியது. மூன்றரை வருடம் ஓடியது. அதற்குள் ஐம்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகி, இரண்டு முறை ஃபெயிலாகி, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினாள். ஞாயிறுதோறும் திகாம் பத்துவுக்குத் தானே ஓட்டிப்போய் அண்ணன் வீட்டு கேட் முன்னால் மூன்று முறை ஹாரன் அடிப்பாள். அவர் பின்கதவு வழியாக நழுவப் பார்ப்பார்.

"பொம்பள சீக்குக்கு ஆம்பளை எதுக்கு ரத்தம் குடுக்கணும்?" என்பது அவர் கட்சி.

"செல்லாயி அத்தை நெஞ்சுல கட்டி வந்து சிடாம் கிரியில செத்தது மறந்துபோச்சா அண்ணே? அது அப்பாவோட தங்கச்சி. அப்பா வழியாதான் எனக்கு வந்திருக்கு. உனக்கும் வந்திருந்தா உன் மூணு பொண்ணுக்கும் போகலாம். உன்கிட்ட இல்லன்னா மூணு பேரும் நிம்மதியா தூங்கலாம்."

மூன்று பெண்களுக்கும் மாப்பிள்ளை பார்க்கிற நேரம். ஊர் வாயில் விழ அவருக்குப் பயம். லோகேஸ்வரி சோதித்துக்கொண்டாள், பழுது அவளிடமும் இருந்தது. வருடா வருடம் ஸ்கேன் எடுக்கிறாள். வந்தாலும் முளையிலேயே பிடித்துவிடலாம் என்ற தெம்பில் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். சோதிக்காமலே இருக்கும் மாமாவின் மூத்த பெண் வாசுகியை நினைத்தால்தான் அவளுக்குக் கவலை.

கடைசியில் அந்தப் புற்றுச் செல்கள் எங்கிருந்தோ புது போமனைத் தேடிக்கொண்டன. மாத்திரை தோற்றது.

இப்போது கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் நவமணி லைசென்ஸ் எடுத்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தாம்பாளத்தோடு நெருங்கவும் சிரிப்பு அடங்கியது. அரக்குச் சிவப்புப் பட்டு. அம்மாவுக்கு உயிரான நிறம். அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய் அம்மாமேல் போர்த்திவிட வேண்டும்போல் லோகேஸ்வரிக்கு ஆசையாக இருந்தது. வாசலை மறித்து நின்றாள்.

"மாமா, அம்மா சொன்னது தெரியும்ல?"

"செத்தவ பேச்ச விடு. தள்ளிக்கோ."

"உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே விட்டீங்க?"

பக்கத்து வீட்டு புஷ்பவள்ளிக்குப் பொறுக்கவில்லை. "என்னடி இது அநியாயம்? பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அனுப்பிடுவியா?"

"அனுப்ப மாட்டேன் அத்தே. அதுக்குத்தான் நிக்கிறேன்."

மடித்து வைத்திருந்த பாரத்தை மாமாவிடம் நீட்டினாள். டவுன் கிளினிக்கின் ரத்தச் சோதனைப் படிவம். அவர் பெயர், ஐசி அட்டை நம்பர், விலாசம், எல்லாம் அம்மாவின் கோணல் எழுத்தில். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலில் ஒரு குட்டிக் கார் வரைந்து, பக்கத்தில் "ஹாரன் அடிச்சாச்சு" என்று எழுதியிருந்தாள்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாரத்தைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, தாம்பாளத்தைப் புஷ்பவள்ளியிடம் கொடுத்துவிட்டு, காரேறிப் போய்விட்டார்.

"கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு," என்றது கூட்டம்.

லோகேஸ்வரி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலால் அந்தச் சிவப்புக் கோட்டைத் துடைத்தாள். "தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும். ஒன்றரை ஆயிற்று. ஒன்றே முக்கால் ஆயிற்று. வண்டிக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எடுத்துடலாம்மா," என்றார் அப்பா.

அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

கூடாரத்தில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாமா உள்ளே வந்தார். அவர் தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்து, உதறி விரிக்கக் கைகளை உயர்த்தினார். சட்டைக் கை மேலேறியது. இடது முழங்கை மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சும், அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டரும் இருந்தன.

லோகேஸ்வரி எழுந்துபோய்ச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.