முன்னாள் மருமகளிடம் ஒரு சந்தேகம்

...எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவதா, கணக்கை முடித்துவிட்டுச் சொல்வதா, இல்லை சொல்லாமலே திரும்பிவிடுவதா, மன்னிப்பு கேட்கவா போகிறோம், வடிவியலில் ஒரு சந்தேகம், அவ்வளவுதானே, செல்பேசியிலும் அப்படித்தானே சுல்மா எழுதினாள், ‘வடிவியல்ல ஒரு சந்தேகம், நேரம் இருந்தா சொல்லு’, அதை எழுதி அழித்து எழுதி அழித்து அனுப்புவதற்குள் பள்ளிச் சமையலறையில் பாதி உருளைக்கிழங்கு தோல் சீவாமல் கிடந்தது, அதற்கு ரொசீனாவிடமிருந்து வந்த பதில் ஒரே வரி, ‘செவ்வாய் நாலு மணிக்கு வாங்க’, ஒரு பூ இல்லை, ஒரு சிரிப்புப் பொம்மை இல்லை, முக்கியமாக ‘அத்தை’ இல்லை... இல்லாததுதானே நியாயம், வில்மார் அவளை விட்டுவிட்டு மால்தோனாதோவில் வேறொருத்தியோடு குடியேறி வருடம் ஒன்றாகப் போகிறது, கட்டினவனே இல்லையென்று ஆன பிறகு அவனைப் பெற்றவள் மட்டும் எந்த முறையில் அத்தை? சுல்மா பேருந்து ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயது, மடியில் பள்ளிக்கூடப் பை, பையின் மேல் அடுமனைப் பொட்டலம். பொட்டலத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது, ஐயையோ, ஜாம் வைத்த பன்னையல்லவா வாங்கியிருக்கிறோம், ரொசீனா இனிப்பைத் தொடமாட்டாளே, சீஸ் வைத்தது மட்டும்தானே தின்பாள், ஆறு வருடம் ஞாயிறு தவறாமல் எதிரே உட்கார்ந்து தின்ற பெண்ணுக்கு எது பிடிக்கும் என்பதுகூடவா மறந்துபோகும்... மறக்கவில்லை, கடைக்காரி அவசரப்படுத்தினாள், பதற்றத்தில் விரல் ஜாம் பக்கம் போய்விட்டது, இறங்கி மாற்றிக்கொண்டு வரலாமா, வந்தால் நாலு மணி தாண்டிவிடும், நேரத்துக்கு வரவும் தெரியவில்லை பார் என்று நினைப்பாள்.

ரொசீனா கணக்கு டீச்சர்தான், ஆனாலும் வேறு வழி பார்க்காமலா இருந்தாள்? இரவுப் பள்ளி வாத்தியார் சின்னப் பையன், எப்போதும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவன், “எல்லாம் தாள்லயே இருக்கு டோன்யா சுல்மா, நிதானமா படிங்க” என்று சொல்லிக்கொண்டே மேல்கோட்டை மாட்டிக்கொண்டான். வகுப்புக் குழுவில் கேட்டாள், மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம். செல்பேசியில் ஒருவன் கரும்பலகைக்கு முன்னால் மூச்சுவிடாமல் விளக்கினான், நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதுதான் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. கணக்கு என்னவோ இரண்டே வரி. ஏ-யிலிருந்து பி வரை ஒரு கோடு, அதை அறுபது பாகையில் பார்க்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் வரைக... புள்ளிக்கு ஏது கண், அது எங்கிருந்து பார்க்கும்? பாகைமானியை வைத்து அங்கும் இங்கும் தடவி மூன்று புள்ளிகளைக் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்த சந்தோஷத்தில் மூன்றையும் அளவுகோல் வைத்து இணைத்துவிட்டாள், பார்க்க ஓட்டுக்கூரை மாதிரி அழகாகத்தான் இருந்தது, வாத்தியார் அதன் மேல் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை தாளைக் கொடுக்காவிட்டால் டிசம்பர் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள், ஜூலையில் ஏற்கெனவே ஒருமுறை கவிழ்ந்தாயிற்று, மற்ற பாடமெல்லாம் முடிந்து இந்தக் கணக்கு ஒன்றுதான் கழுத்தைப் பிடிக்கிறது. சான்றிதழ் வந்தால்தான் சமையலறையில் பெரிய சமையல்காரியாக்குவார்கள். கேட்பவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறாள். பொய்யில்லை. ஆனாலும் வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்த பிறகு மிச்சமிருக்கிற மாலைப்பொழுதை என்ன செய்வது என்பதும் ஒரு காரணம், அதை யாரிடம் போய்ச் சொல்வது.

அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால்... போன குளிர்காலத்தில் ரொசீனா வில்மாரின் துணிமணிகளை இரண்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே நின்றாள், உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம், மழை வேறு, அவள் மூக்கெல்லாம் சிவந்திருந்தது, எதிர்வீட்டு நிபியா குப்பை கொட்டுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், நிபியா நின்றதனால்தானா, மகனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற வீம்பா, இல்லை மகன்மேல் வந்த கோபத்தைக் காட்ட அவன் எதிரில் இல்லாததாலா, வாயில் வந்தது வந்துவிட்டது, “ராவும் பகலும் புஸ்தகத்துலயே மூஞ்சிய புதைச்சுக்கிட்டு இருந்தா எந்த ஆம்பளதான் வீட்டுல தங்குவான்? உனக்குப் படிப்புதான்டி வந்துச்சு, குடும்பம் பண்ண வரல.” பதிலுக்கு ரொசீனா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, கதவில் மாட்டிக்கொண்ட சால்வை நுனியை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனாள். இப்போது யார் புத்தகமும் கையுமாக யார் வாசலுக்குப் போகிறார்கள்? நல்லா வேணும் சுல்மா உனக்கு, நல்லா வேணும்... இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது, தூறல் வேறு, பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், திரும்பிப் போகும் பேருந்து எதிர்ப்புறத்தில் காலியாக நின்றது, ஏறிவிடலாமா, தலைவலி என்று ஒரு வரி அனுப்பிவிட்டால் போச்சு... கால் என்னவோ குடியிருப்புப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவள் முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். நல்லாயிருக்கு என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் ஐஸ் வைக்கிறாள் என்று நினைப்பாளோ என்று விழுங்கி, சொல்லாதது இன்னும் மோசமோ என்று தவித்து, அதற்குள் ரொசீனா, “வாங்க டோன்யா சுல்மா, நனைஞ்சிட்டீங்களே, உக்காருங்க” என்று சமையலறை மேஜையைக் காட்டிவிட்டாள். டோன்யா, வயசான எந்த அம்மாவுக்கும் வைக்கிற மரியாதைப் பேர். இரவுப் பள்ளிப் பையனும் அப்படித்தான் கூப்பிடுகிறான். ரொசீனா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “ஓ, ஜாம்” என்றாள், அந்த ‘ஓ’வில் என்ன இருந்தது என்று சுல்மா துருவிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை எடுத்து ஜாமைச் சுற்றி ஓரமாகக் கடித்தாள். மேஜையில் பிளாஸ்க்கில் வெந்நீரும், கசப்பான மாத்தே இலை நிரப்பிய குடுவையும் தயாராக இருந்தன. குடுவையில் ஒரே ஒரு உறிஞ்சுகுழல். தான் குடித்துவிட்டு, வெந்நீர் ஊற்றி, அதே குழலோடு சுல்மா பக்கம் நீட்டினாள், ஒரே குழலில் குடிக்க மனசு வந்திருக்கிறது என்றால்... சேச்சே, இந்த ஊரில் குழாய் ரிப்பேர் பண்ண வருகிறவனுக்கும் அதே குழல்தானே, இதில் போய் அர்த்தம் தேடுவானேன். வில்மாரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பேருந்தில் மூன்று விதமான பதில் யோசித்து வைத்திருந்தாள், மூன்றையும் மனதுக்குள் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தாள். ரொசீனா கேட்கவில்லை. தாளை எடுத்து ஓட்டுக்கூரையைப் பார்த்தாள், அவள் உதடு துடித்தது, சிரிப்பா, இளக்காரமா?

“புள்ளி மூணும் சரியாத்தான் இருக்கு. யார் சொல்லிக் கொடுத்தா?” “யாரும் இல்ல, நானேதான்...” “அப்ப பாதிக்கிணறு நீங்களே தாண்டிட்டீங்க” என்றாள் ரொசீனா, சுல்மாவுக்குக் காது சூடாகியது, பாராட்டுகிறாளா, பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பது மாதிரியா? “இந்தக் கோட்டை ஃபுட்பால் மைதானத்து கோல்னு வச்சுக்குங்க, ஏ-யும் பி-யும் ரெண்டு கம்பம். நீங்க மைதானத்துல நின்னு பாக்கறீங்க. கிட்ட வந்தா கோல் அகலமாத் தெரியும், தள்ளிப்போனா ஒடுங்கிடும். ஆனா அகலம் கூடாம குறையாம ஒரே அளவாத் தெரியற மாதிரி நடந்து போகலாம். எப்படி நடப்பீங்க?” கோல் கம்பம் என்றதும் இருவருக்குமே ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முட்டியெல்லாம் சேறாக, கோல்கீப்பர் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றுகிற வில்மார், எத்தனை சனிக்கிழமை இந்தப் பெண் வலைக்குப் பின்னால் குடையோடு நின்றிருக்கிறாள், எனக்கும் சேர்த்துப் பிடித்த குடை... பென்சில் காகிதத்தின் மேல் அசையாமல் நின்றது. பிறகு ரொசீனா தொண்டையைச் செருமிக்கொண்டு ரொட்டிப் பலகையை எடுத்துவந்தாள், தாளை அதன்மேல் வைத்து ஏ-யில் ஒரு குண்டூசி, பி-யில் ஒரு குண்டூசி குத்தினாள், மூலைமட்டத்தின் அறுபது பாகை முனையை மேலே வைத்து, இரண்டு பக்கமும் ஊசிகளைத் தொட்டபடி இருக்கவேண்டும், விலகவே கூடாது, அப்படியே நகர்த்துங்க, நான் முனையில் பென்சில் பிடிக்கிறேன் என்றாள். மூலைமட்டம் ஊசியை விட்டு விலகியது, மறுபடி, மறுபடியும் விலகியது, ரொசீனா தன் கையைச் சுல்மாவின் கைமேல் வைத்து அழுத்தினாள், சூடான கை, நகம் கடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, இருவருமாக நகர்த்த நகர்த்தப் பென்சில் முனை ஒரு பக்கத்திலிருந்து எழும்பி, வளைந்து, மறுபக்கம் போய் இறங்கியது.

கூரை இல்லை, வட்டம். என் மூன்று புள்ளியும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறதே! “வட்டம்டி இது!” என்று கத்திவிட்டாள், டி என்று வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டாள், ரொசீனா கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல், “மையத்துல இந்தக் கோணம் ரெட்டிப்பா இருக்கும், அப்ப நூத்தியிருவது. மீதி ரெண்டு மூலைக்கும் எவ்வளவு மிஞ்சும்?” “அறுவது... ஆளுக்கு முப்பது!” “அப்ப மையம் எங்க?” ஏ-யில் முப்பது, பி-யில் முப்பது, இரண்டு கோடும் முட்டிக்கொள்கிற இடம், சுல்மாவே வரைந்தாள், கவராயத்தை ஊன்றிச் சுழற்றினாள், அது போட்டிருந்த பென்சில் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. “தெரியுது தெரியுது, மூஞ்சிலயே தெரியுது. என் கிளாஸ்ல ஒரு புள்ளைக்குப் புரிஞ்சிருச்சுன்னா வாயத் தொறக்க வேண்டாம், இப்படித்தான் புருவம் ரெண்டும் மேல ஏறிக்கும்” என்று ரொசீனா முதல் தடவையாகச் சிரித்தாள். கோட்டுக்குக் கீழேயும் இதே மாதிரி ஒன்று போடுங்க, எல்லாப் புள்ளியும் கேட்டிருக்காங்க என்றாள். குடுவையை நீட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த கிறக்கத்தில் சுல்மா ஒரே உறிஞ்சில் காலிசெய்து திருப்பிக் கொடுக்கும்போது, “ரொம்ப நன்றி கண்ணு” என்றாள்.

அடிப்பாவி. குடுவையைத் திருப்பிக் கொடுக்கையில் யாராவது நன்றி சொல்வார்களா, சொன்னால் ‘போதும், இனி எனக்கு ஊற்றாதே’ என்றல்லவா ஆகிறது, பால்குடி மறந்த நாளாய் மாத்தே குடிக்கிறவளுக்கு இது தெரியாதா, சுல்மாவோ கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு அல்லவா சொன்னாள், கணக்குக்கு மட்டுமா, குடைக்கு, மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு வாயே திறக்காமல் போனதற்கு... ரொசீனா தலையாட்டிவிட்டுக் குடுவையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அடுத்த முறை தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள். இல்லை, எனக்கு இன்னும் வேணும் என்று எப்படிச் சொல்வது, ஐம்பத்தேழு வயதில்? இப்போது சொல்லிவிடு, அதையாவது சொல்லிவிடு, “ரொசீனா, நான் அன்னைக்கு வாசல்ல வச்சு...” “கவராயத்த அசைக்காதீங்க, மையம் நகந்துரும்” என்றாள் ரொசீனா, தலை நிமிராமல். கேட்காதது மாதிரியா, கேட்டுத்தான் அப்படிச் சொன்னாளா, சுல்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்க வட்டத்தை வரைந்து முடித்தாள்.

தாளில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. இரண்டாவது கேள்வி. பி-யிலிருந்து சி வரை இன்னொரு கோடு இழுத்திருந்தார்கள், ஏபி அறுபது பாகையிலும் பிசி நாற்பத்தைந்து பாகையிலும் தெரியும்படியான இடத்தைக் காண்க. சுல்மா படித்தாள். படித்து முடிப்பதற்குள்ளாகவே தெரிந்துவிட்டது, அதற்கு ஒரு வட்டம், இதற்கு ஒரு வட்டம், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம், அவ்வளவுதானே, இதற்கு மற்ற மூலைமட்டம்... அட, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு தானாக வந்து மடியில் விழுகிறது, சந்தோஷப்பட வேண்டாமா, ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? இதையும் வரைந்துவிட்டால் பையை மூட வேண்டியதுதான், எழுந்திருக்க வேண்டியதுதான், அப்புறம் எந்தச் சாக்கில் இந்தப் படியேறுவது? ரொசீனா மணியைப் பார்த்தாள், ஆறு மணிக்கு அவளுக்கு வகுப்பு இருக்கிறது. “இது புரியுதா?” என்றாள். “இல்ல கண்ணு” என்றாள் சுல்மா, “இது சுத்தமாப் புரியல.” ரொசீனா பென்சிலைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள், தாளைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள். “சரி, அப்ப வியாழக்கிழமை வாங்க, இதே நேரத்துக்கு” என்றாள்.

படியிறங்கும்போது முட்டி வலிகூடத் தெரியவில்லை, வியாழக்கிழமை, வியாழக்கிழமை, சீஸ் வைத்ததாக வாங்கவேண்டும், கடைக்காரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நின்று நிதானமாக... கீழ்ப்படிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். புருவம் மேலே ஏறிக்கொள்ளும் என்றாளே? இரண்டாவது கேள்வியைப் படித்தபோது என் புருவம் எங்கே இருந்தது? கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இப்போது தொட்டு என்ன ஆகப்போகிறது, நாள் முழுக்கப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள், அவளுக்கா தெரிந்திருக்காது... தெரியாமல் வரச் சொன்னாளா, தெரிந்தே வரச் சொன்னாளா? தெரியாது என்றால் நிம்மதி, இந்தக் கணக்கில்லாவிட்டால் இன்னொன்று, இப்படியே ஓட்டிவிடலாம். தெரிந்தேதான் சொன்னாள் என்றால், கடவுளே, வியாழக்கிழமை கையில் சந்தேகம் என்கிற சாக்கே இல்லாமல் அல்லவா அவள் எதிரே போய் உட்கார வேண்டும்.