பேனரை மறைத்த கிளை

மேஸ்திரி சுந்தரமூர்த்தி எனக்குத் தரவேண்டியது ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். ஏழு நாள் மரம் ஏறிய கூலி. கேட்டால், "விழா முடியட்டும், பில் பாஸாகும்" என்பார்.

விழா தேவாங்குக்கு. ஹோசூர் ரோடு பக்கம் ஒரு ஏரிக்கரைத் தோப்பில் அழிந்துவரும் தேவாங்கு இருக்கிறதாம். அதைக் காப்பாற்ற வார்டு ஆபீசும் காட்டு இலாகாவும் சேர்ந்து கூட்டுக்குழு போட்டார்கள். எட்டு மாதம் கூடினார்கள், எட்டு மாதமும் சமோசா தீர்ந்தது. கடைசியில் ஒரு பேனர் பிறந்தது. அதில் பதினோரு முகம். தேவாங்கு மூலையில், தபால்தலை அளவுக்கு.

விழா அன்று காலையில் பார்த்தால் புங்கமரத்துக் கிளை பேனரை மறைக்கிறது. வார்டு ஆபீசர் தேசிகன் சாருக்கு மூக்குக்கு மேலே வெறும் இலை.

"கிளையை எடுங்கப்பா. பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

"சார், உள்ள தேவாங்கு இருந்தா?"

"தட்டிப் பாருய்யா."

எங்கள் தொழிலில் வெட்டுமுன் அடிமரத்தை மூன்று தடவை தட்டுவோம். அணிலோ பாம்போ இருந்தால் ஓடிவிடும். தட்டினேன். ஒன்றும் ஓடவில்லை. 'பிராணி எதுவும் இல்லை' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். காட்டு இலாகாக்காரரும் போட்டார். ஒத்துழைப்பாம்.

ஏறினேன். இலைக்கூட்டத்துக்குள் உருண்டையாக ஒரு தாய்த் தேவாங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி. தட்டினால் ஓடுகிற ரகமில்லை அது, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை வருஷம் தட்டித் தட்டி எத்தனையைக் கிளையோடு வெட்டி இறக்கினேனோ.

"இங்கதான் இருக்குது சார். ரெண்டு!"

"இல்லைன்னு எழுதியாச்சுய்யா" என்றார் தேசிகன் சார்.

"அப்ப பேனரைத் தள்ளிக் கட்டுங்க."

"கம்பு பிடுங்கி நட நாலு ஆள் கூலி, உங்கப்பனா தருவான்?" என்றார் மேஸ்திரி. "வெட்டிட்டு இறங்கு, சாயந்திரமே உன் பணம். இல்லேன்னா வேற ஆளை ஏத்துவேன்."

மர்பி டவுனில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா வாடகைக்கு வாசலிலேயே நிற்பாள். குட்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"என் கூலி மொத்தத்தையும் கழிச்சுக்க, மேஸ்திரி."

மேஸ்திரி கணக்குப் போட்டார். மூவாயிரத்தில் வேலை முடியும், மிச்சம் அவருக்கு. முகம் மலர்ந்தது. "உனக்குப் பெரிய மனசுய்யா!"

"உன்னுது சின்னதுதான். அதான் ஜேப்புக்குள்ள அடங்குது."

பேனர் இருபதடி தள்ளிப் போனது. தேவாங்குக்காகத் தாங்கள் செய்த தியாகத்தை தேசிகன் சார் மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மேஸ்திரி கணக்கு நோட்டை நீட்டினார். 'முழுக்கூலி ரூ. 5,950 பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழே சின்னப்பா என்று என் பேரைப் போட்டுக் கொடுத்தேன்.