பதினேழாம் குழாய்

அந்த வாரம் லோர்னா டாக்கெட்டின் கையிலிருந்து இரண்டு முறை கண்ணாடிக் குவளை நழுவியது. அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கை நழுவல், பிறகு நிற்காத உடலாட்டம், கடைசியில் ஆளே அடையாளம் தெரியாமல் போனார். ஹண்டிங்டன் நோய். பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை 1978-ல் எங்கும் கிடையாது.

அமெரிக்காவின் லெக்சிங்டனில் அவள் வேலை பார்த்ததோ அந்த நோயாளிகளின் ரத்தத்தை ஆராயும் கூடத்தில். சிவப்பணுவின் மேலுறையைக் கழுவியெடுத்து, அதிலுள்ள புரதத்தில் சுழல் குறி என்னும் நுண்ணிய மூலக்கூறை ஒட்டவைத்து, பெரிய காந்தத்துக்கு நடுவே வைப்பாள். புரதம் அசைகிற விதத்தை எந்திரத்தின் பேனா கோடாக வரையும். நோயாளிகளின் கோடு சற்று வேறாக இருந்தது.

வியாழனன்று தன் ரத்தத்தையே ஆரோக்கியமானவர்களின் வரிசையில் பதினேழாம் குழாயாக வைத்தாள். பேனா நகர்ந்தது. கோட்டின் முகடுகளை அளந்தாள். நோயாளிகளுக்கு வருகிற எண். மறுபடி ஓட்டினாள். அதே எண்தான்.

நேராகத் தலைவர் ப்ரூயிட்டின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், பதினேழு என் ரத்தம். எங்கப்பா இந்த நோயிலதான் செத்தாரு."

அவர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலைல வெச்சிருப்பீங்களா?"

"வெச்சிருப்பேன். காந்தத்துக்கிட்ட உன்னைத் தனியா விட்டிருக்க மாட்டேன்." நோட்டைப் புரட்டினார். "ஒன்பதாம் நம்பரைப் பாரு."

"நோயாளி மாதிரி இருக்கு."

"அது நான்தான். அறுபது வயசாகுது, எங்க வம்சத்துல யாருக்கும் இது இல்ல. இருபது பேரைச் சேத்துப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும், லோர்னா. தனியா ஒருத்தரைப் பத்தி இது ஒண்ணும் சொல்லாது."

"அப்ப எனக்கு இல்லையா?"

"அதையும் சொல்லாது."

நோட்டில் பதினேழாம் எண்ணை அவளே கோடு போட்டு அடித்தாள்.

குழந்தை பற்றிய பேச்சை அவள் ஒரு வருஷமாகத் தள்ளிப்போடுவதன் காரணம் கணவன் வர்ஜிலுக்குத் தெரியும். சாயங்காலம் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரத்தத்தைத் திருடிப் பாத்தியா? அதுவும் உன் ரத்தத்தையே?" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "திங்கக்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன்."

அந்த டாக்டர் அவளை நேர்கோட்டில் நடக்கவிட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், விரல்களைத் தட்டவைத்தார்.

"இன்னிக்கு அறிகுறி எதுவும் இல்ல" என்றார்.

படியிறங்கும்போது வர்ஜில் அவள் கையைப் பிடித்தான். அவன் முகம் தெளிந்திருந்தது. அவளுக்கோ 'இன்னிக்கு' என்ற சொல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.